காய்ச்சல் வந்த வீட்டுக்கு ஒரு பிபி மெஷின்: ஓம்ரான் ஹெச்இஎம்-7120, பக்கவாதக் கண்ணோட்டத்தில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று கேள்விப்பட்டதும் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்புகிற சாமான்களில் முதலில் வருவது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிறகுதான் பிபி மெஷின். இந்த வரிசையை மாற்றச் சொல்கிறோம். ஆக்சிமீட்டர் நுரையீரலுக்கு உதவும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடப்பவருக்கும் அதில் 98 காட்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க வீட்டில் இருந்தபடி செய்யக்கூடிய வேலையில் பெரும்பகுதி ரத்த அழுத்தத்தைக் கவனிப்பதில்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு இந்த மெஷின் எவ்வளவு தாங்கும், எங்கே கைவிடும் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் காய்ச்சலுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு என்பது தெளிவாக வேண்டும். அது தெரியாவிட்டால் மெஷினை வாங்கி இரண்டு நாள் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவோம். தொற்று வந்தால் உடம்பு முழுக்க அழற்சி ஏறுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் சிவந்து சொரசொரப்பாகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, தண்ணீர் குடிக்காததால் ரத்தம் கெட்டியாகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. ஏற்கெனவே கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்தவருக்கு இதில் ஏதாவது ஒன்று போதும். 2004-இல் பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து வெளியான ஆய்வில், மூச்சுக்குழல் தொற்று வந்த முதல் 3 நாட்களில் பக்கவாத வாய்ப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. கொரோனாவிலும் இதையே பார்த்தோம். மூச்சு சரியாகி எழுந்து நடமாடத் தொடங்கியவர்களுக்கும் அடுத்த வாரங்களில் பெரிய குழாய் அடைத்தது. ஆகவே காய்ச்சல் இறங்கிய அன்றைக்கு மெஷினை மூட்டை கட்டுவது தவறு. நான்கு வாரமாவது அது கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லா வைரஸும் ஒரே வழியில் மூளையைத் தொடுவதில்லை. ஃப்ளூவும் கொரோனாவும் பெரும்பாலும் உறைகட்டியால் அடைக்கின்றன. டெங்கு தட்டணுக்களைக் குறைத்து, குழாய்ச் சுவரைக் கசியவிட்டு, அரிதாக மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்குகிறது. சின்னம்மையையும் அக்கியையும் கொண்டுவருவது ஒரே வைரஸ்தான். அது நரம்பு வழியே ஏறி மூளைத் தமனியின் சுவருக்குள்ளேயே போய்க் குடியேறக்கூடியது. குழந்தைக்கு அம்மை இறங்கிப் பல மாதம் கழித்துக்கூட ஒரு பக்கம் தளர்வது இதனால்தான். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்றில் காப்பாற்றும் ஆஸ்பிரின் இன்னொன்றில் ஆளைக் கொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை குறைவு: மெஷின், காற்றுக் குழாயோடு கூடிய கைப்பட்டை, கையேடு. நான்கு டபுள் ஏ பென்சில் செல்லில் ஓடும். கரண்டில் போட வேண்டுமானால் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். விலை 2,000 ரூபாய் சுற்றில். கடைக்குக் கடை மாறும். ஒரே ஒரு பட்டன். கண் மங்கிய 80 வயதுக்காரருக்கு இதுதான் இதன் பெரிய பலம். நான்கு பட்டனும் ப்ளூடூத்தும் உள்ள மாடலை வாங்கி அனுப்பி, அப்பத்தாவுக்குத் தொலைபேசியில் பாடம் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல். எண்கள் பெரிதாகத் தெரியும். 135/85-க்கு மேல் போனால் எச்சரிக்கைக் குறி சிமிட்டும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அதற்குத் தனிக் குறி உண்டு. அந்தக் குறியைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

குறை என்று பார்த்தால் நினைவகம்தான். கடைசியாக எடுத்த ஒரே அளவைத்தான் வைத்திருக்கும். தேதியும் நேரமும் கிடையாது. நாட்கணக்கில் போக்கைப் பார்க்க வேண்டிய நமக்கு இது பெரிய குறைதான். ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் பெட்டிக்குள்ளேயே நூலில் கட்டி வைத்தால் தீரும். டாக்டரும் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

அடுத்தது கைப்பட்டையின் அளவு. எண் தப்பாக வருவதற்குப் பெரிய காரணம் இதுதான். கூட வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு மட்டுமே. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல்காரர் டேப்பை வைத்து அளந்துவிட்டுப் பிறகு ஆர்டர் போடுங்கள். 34 செ.மீ. கையில் இந்தப் பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத அழுத்தம் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை கூடும். அவர்களுக்கு 32–42 செ.மீ. பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். மெலிந்து 20 செ.மீ. ஆகிப்போன கைக்கு இது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அங்கே இந்த மெஷின் வேண்டாம். சிறிய பட்டை கிடைக்கும் மாடலைத் தேடுங்கள்.

எடுக்கும் முறைக்கு வருவோம். நம் வீட்டு வழக்கங்களே சில தவறுகளுக்குக் காரணம். முகப்புத் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு, சாய்மானம் இல்லாமல், வந்தவரோடு பேசிக்கொண்டே எடுப்பது ஒன்று. ஊஞ்சலில் உட்கார்ந்து எடுப்பது இன்னொன்று. சம்மணம் போட்டுத் தரையில் இருந்து எடுப்பது மூன்றாவது. மூன்றிலும் எண் தப்பும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. ஜாக்கெட் கையையோ சட்டையையோ சுருட்டி மேலேற்றிவிட்டு அதன் கீழே கட்டக்கூடாது. சுருட்டிய துணியே கையை இறுக்கும். சட்டையைக் கழற்றிவிடுங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கம் பார்த்து இறங்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். கையை ஒரு தலையணை மேல் வைத்து, பட்டை மார்பின் உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் 7 அல்லது 8 புள்ளி கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், இரவு படுக்கும் முன், இப்படி 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். வாங்கிய அன்று மட்டும் இரண்டு கையிலும் எடுத்து, எது கூடுதலோ அந்தக் கையையே பிறகு பயன்படுத்துங்கள்.

குளிர் நடுக்கம் இருக்கும்போது பட்டனை அழுத்த வேண்டாம். கை ஆடினால் பிழைக் குறி வரும், அல்லது பொய்யான எண் வரும். காய்ச்சலில் துடிப்பு கூடுவது இயல்பு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 10. ஆனால் காய்ச்சல் இல்லாத நேரத்திலும் துடிப்பு எகிறி, ஒழுங்கற்ற துடிப்புக் குறியும் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால், அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். தொற்றுக் காலத்தில் இதயத்தின் மேலறை நடுங்கித் துடிக்கத் தொடங்குவது முதியவர்களுக்குச் சாதாரணமாக நடக்கிறது. அந்த அறையில் தேங்கி உறைந்த ரத்தம் நேரே மூளைக்குப் போகும். இந்த மெஷின் அந்த நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல; அது சந்தேகத்தைத்தான் எழுப்பும். ஆனால் 2,000 ரூபாய்ச் சாமான் எழுப்பும் இந்தச் சந்தேகம் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க வல்லது. குறி வந்த அன்று வரும் எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

காய்ச்சல் நாட்களில் அழுத்தம் திடீரென ஏறினால் மாத்திரைக் கவரைப் பாருங்கள். மூக்கடைப்புக்குத் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது. அது குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் ஏற்றும். ஸ்டீராய்டு அழுத்தத்தோடு சர்க்கரையையும் சேர்த்து ஏற்றும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் உப்பு நார்த்தங்காயையும் அப்பளத்தையும் மறக்க வேண்டாம். வாய் கசந்த மூன்று நாளும் அவைதான் ஆகாரம் என்றால் உள்ளே போகும் உப்பு கொஞ்சமல்ல.

ஏறுவதைப் போலவே இறங்குவதும் ஆபத்துதான். வழக்கமாக 150 இருப்பவருக்கு வாந்தியும் பேதியுமாக 100-க்கு இறங்கினால், குறுகிய கழுத்துக் குழாய் வழியே மூளையின் ஓரப் பகுதிகளுக்கு ரத்தம் எட்டாமல் போகலாம். அந்த நிலையில் வழக்கமான பிபி மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டெங்கு சந்தேகம் இருந்தால் இந்த மெஷின் தரும் மிக அருமையான தகவல் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. 120/80 என்றால் 40. அது 20-க்கோ அதற்குக் கீழோ வந்தால், உதாரணமாக 100/82, மேல் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குழாய்க்குள் இருந்த நீர் வெளியே கசிந்து அதிர்ச்சி நிலை தொடங்குகிறது என்று பொருள். இது பெரும்பாலும் காய்ச்சல் விட்டு, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே வரும். பட்டை கட்டிய இடத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகச் சிவப்பு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். டாக்டர்கள் பட்டையை 5 நிமிடம் ஊதி வைத்துச் செய்யும் புள்ளிச் சோதனையை இந்தத் தானியங்கி மெஷினில் செய்ய முடியாது. காற்றைத் தானாக இறக்கிவிடும். முயல வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஃப்ளூவிலும் அம்மையிலும் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

(மழை பெய்தால் முற்றத்துக் கிடாரத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது நம் பக்கத்து நல்ல வழக்கம். டெங்குக் கொசு முட்டையிடுவதும் அதே தெளிந்த தண்ணீரில்தான். வெள்ளை வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டி, வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.)

இனி, இந்த மெஷின் கைவிடும் இடங்கள். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரையில் உறைகட்டி விழுவது காய்ச்சலும் நீர்வற்றலும் சேர்ந்தால் வரக்கூடியது. அதில் அழுத்தம் நன்றாகவே இருக்கும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, படுத்தால் அல்லது இருமினால் அதிகமாவது, பார்வை மங்கல், வாந்தி, பிறகு வலிப்பு என்று வரும். சாதாரண சிடி ஸ்கேன் இதைத் தவறவிடக்கூடும். சிரைகளைத் தனியாகப் படமெடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதேபோல் அக்கி. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வந்த அக்கிக்குப் பிறகு பக்கவாத வாய்ப்பு கூடுகிறது. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய், அக்கியின் மேல் காவியில் எழுதிக்கொள்வது மன ஆறுதலுக்கு இருக்கட்டும். ஆனால் வைரஸுக்கான மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மி.கி., நாளுக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு குறையும். அதனால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. அக்கி வந்துபோன சில மாதங்களுக்குள் பக்கவாதம் வந்தால் அந்த விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். முதுகுத் தண்டு நீரில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவார்கள். மருந்தும் ஊசி வழியாகப் பல நாள் போக வேண்டியிருக்கும்.

இந்த மெஷினின் மிகப் பெரிய ஆபத்து அதன் குறையால் வருவதல்ல, நாம் அதைப் பயன்படுத்தும் நேரத்தால் வருவது. வாய் ஒருபக்கம் கோணிவிட்டது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, நடை திடீரெனத் தள்ளாடுகிறது, பார்வையில் பாதி இல்லை. இதில் ஒன்று வந்துவிட்டால் மெஷினைத் தொடாதீர்கள். எண் 130 என்று வந்தால் ஒன்றுமில்லை என்று வீடு சமாதானமாகிவிடுகிறது. 200 என்று வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிபி மாத்திரையை வாங்கி நாக்கடியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல். அடைத்த குழாயைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடம்பே அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். சட்டென்று இறக்கினால் பிழைத்திருக்க வேண்டிய பகுதியும் சாகும். கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் முன் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். அதை ஊசி வழியாக அளந்து அளந்து ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். ஆஸ்பிரினும் அப்போது கூடாது. அடைப்பா கசிவா என்பது சிடி ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது. விழுங்க முடிகிறதா என்று தெரியாத நிலையில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் போகக்கூடாது. விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியும், புறா ரத்தம் தேய்ப்பதும் நேரத்தைத் தின்பவை. வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்றே ஒன்றுதான்: குளுக்கோமீட்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் சர்க்கரை. மிகவும் இறங்கிய சர்க்கரையும் பக்கவாதம்போல் காட்டும். அதுவும் 108-ஐக் கூப்பிட்ட பிறகு.

கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். அந்தக் கணக்கு ஆளைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குள் தனியாகப் படுத்திருந்தவரைக் காலையில் பார்த்தால் கடிகாரம் இரவிலேயே ஓடத் தொடங்கியிருக்கும். காய்ச்சல் கண்டவரை முகப்பு அல்லது முதல் கட்டு அறைக்கு மாற்றி, தலைமாட்டில் ஒரு மணியும் வைக்கச் சொல்வது இதனால்தான். காரைக்குடியிலிருந்து சிவகங்கை சுமார் 45 கி.மீ., மதுரை சுமார் 85 கி.மீ. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. எங்கே 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் உண்டு, எங்கே அந்த ஊசி போடுகிறார்கள் என்பதை நோய் வருமுன்பே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கி ஒரு பாட்டில் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரம் போய்விடும். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சை தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை உதவும். ஆகவே நாலரை மணி தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே கைவிட வேண்டாம். டெங்கு நோயாளி என்றால் தட்டணு எண்ணிக்கைச் சீட்டைக் கையில் கொடுங்கள். 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் கரைக்கும் ஊசி போடமாட்டார்கள்.

முகம் கோணியதெல்லாம் மூளைப் பக்கவாதம் அல்ல என்பதும் உண்மை. நெற்றியைச் சுருக்க முடியாமல், அந்தப் பக்கக் கண்ணையும் மூட முடியாமல் இருந்தால் அது முக நரம்பு மட்டும் தளர்ந்ததாக இருக்கலாம். அதற்கும் சில சமயம் இதே வைரஸ்கள்தான் காரணம். ஆனால் அந்த வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை.

மணிக்கட்டில் கட்டும் மாடல் விலை குறைவு என்று வாங்க வேண்டாம். கை உயரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறும். கைக்கடிகாரத்தில் காட்டும் பிபியை வைத்து மாத்திரை மாற்றவே கூடாது. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். கசிந்து பச்சை பூத்த மெஷின் பொங்கலுக்கு வந்து பார்க்கும்போது வேலை செய்யாது. சித்திரை வெயிலில் ஓட்டடி அறையில் கிடந்தால் குழாய் விறைத்து இணைப்பில் கீறல் விடும். காற்று ஏறி ஏறி இறங்கினால் முதலில் அங்கே பாருங்கள். வருடம் ஒருமுறை டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய மெஷினோடு ஒரே கையில் ஒப்பிடுங்கள். 5 புள்ளிக்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் வந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கை 22-க்கும் 32-க்கும் இடையே, நோட்டில் எழுத ஒரு ஆள் உண்டு என்றால் இதைத் தாராளமாக வாங்கலாம். எழுத ஆளில்லை என்றால் கொஞ்சம் கூடப் போட்டு நினைவகமுள்ள மாடலுக்குப் போங்கள். எதை வாங்கினாலும் மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள்: சாப்பிடும் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா, கடைசிக் காய்ச்சல் எப்போது, அது என்ன காய்ச்சல், போக வேண்டிய ஆஸ்பத்திரியின் எண். அதோடு வீட்டு முகவரி. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. 108 வண்டி பின்வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தால் முகப்பில் இருப்பவருக்குக் கேட்காது. எந்தத் தெரு வாசலுக்கு வர வேண்டும், எந்தக் கதவு திறந்திருக்கும், உயர்ந்த நிலைப்படி எத்தனை இருக்கிறது, ஸ்ட்ரெச்சரைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.